பெட்டிக்காரன் படகு

பூந்தமல்லியில் ஆரோக்கியசாமி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பெட்டிக்காரன் என்றால் உடனே வழி சொல்வார்கள். ஆனால் கூட வந்து காட்டமாட்டார்கள். பாரிவாக்கம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு அவன் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தான். நல்ல தச்சன். அவன் இழைத்த பலகையில் கை வைத்தால் வழுக்கும். என்ன பிரயோஜனம், கை வைத்துப் பார்க்கிற நிலையில் அதில் யாரும் ஏறுவதில்லை.

பெட்டி செய்யவென்று அவன் தொழில் கற்கவில்லை. இருபத்திரண்டு வயது வரை கதவு, ஜன்னல், கட்டில், ஏர் எல்லாம் அவன் கைக்கு வந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் விஷக் காய்ச்சல் வந்தது. கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்காரத் தெருவில் ஒரே வாரத்தில் பதினோரு சாவு. மற்ற தச்சர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார்கள். மாதா கோயில் சாமியார் நேரில் வந்து நின்றபோது மாட்டேன் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கப் பெட்டிதான். காய்ச்சல் போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. அதற்கப்புறம் எவன் அவனிடம் கட்டில் செய்யச் சொல்வான்? மணமக்கள் உட்கார ஒரு மணைப்பலகை வேண்டுமென்றாலும் இரண்டு மைல் தள்ளிப் போய் வேறு ஆளைப் பிடித்தார்கள். தெருவில் எதிரே வருகிறவர்கள், எங்கே கண்ணாலேயே உயரம் அளந்துவிடுவானோ என்று ஒதுங்கிப் போனார்கள். செத்தால் மட்டும் இவன் வேண்டும். ஊரென்றால் அப்படித்தான், அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஊர் ஒதுங்கியது அவனுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று வீட்டுக்குள் இருந்தது.

அவன் பெண்சாதி தெரசா பூத்தோட்டத்தில் மல்லி பறிப்பவள். வெயில் ஏறுவதற்குள் கூடையை நிரப்பி வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வந்து சமைப்பாள். அவர்களுக்கு ஒரே பெண், லூர்து. நாலு வயதில், ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்குப் பெட்டி செய்ய வேறு யார் இருக்கிறார்கள்? இவன்தான் செய்தான். அதோடு சரி. அன்றிலிருந்து தெரசா அவன் செய்த எதிலும் உட்காரவில்லை, படுக்கவில்லை. கல்யாணத்துக்கென்று அவன் செய்த கட்டில் சுவரில் சாத்தி வைத்தபடி கிடந்தது. அவள் பாயில் படுத்தாள். முக்காலியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள். சண்டை கிடையாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது கிடையாது. சோறு போட்டாள், சிரித்தாள், ஊர்க்கதை பேசினாள். ஏன் இப்படி என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பிள்ளையை மூடிய கை இது, இந்தக் கை பட்டதை அவளால் சகிக்க முடியவில்லை என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். வந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. அது அவனுக்கு வலித்தது. யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தினம் வலித்தது.

படகு யோசனை வந்தது பட்டணத்தில், பேசின் பிரிட்ஜில். மரம் வாங்க மாதத்துக்கு ஒருமுறை அவன் அங்கே போவான். கால்வாயில் சவுக்குக் கட்டையும் உப்பும் ஏற்றிக்கொண்டு பாய்மரத் தோணிகள் வந்து நிற்கும். எத்தனையோ வருஷமாகப் பார்த்ததுதான். முப்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் ஒருநாள், மரக்கடைக்காரர் வரட்டும் என்று கரையில் குந்தியிருந்தபோது, ஒரு தோணிக்குள் ஒருத்தி அடுப்பு மூட்டிக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தான். பக்கத்தில் அவள் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பாய்மரத்துக் கயிற்றில் தூளி கட்டிப் பிள்ளை தூங்கியது. ஆரோக்கியசாமி வெகுநேரம் பார்த்தான். அதுவும் பலகைதான், ஆணிதான், தார்தான். தன் கொட்டகையில் இருக்கிற அதே சாமான்தான். ஆனால் உள்ளே உயிரோடு மனுஷர்கள் இருக்கிறார்கள். தன் கையால் செய்த ஒன்றில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், மூச்சு விட்டுக்கொண்டு ஏறி உட்கார வேண்டும் என்று அவனுக்கு அப்போது தோன்றியது. அந்த ஒருத்தர் யார் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஏழு மாதம் கொட்டகைக்குப் பின்னால் வேலை நடந்தது. பெட்டி கேட்டு ஆள் வந்தால் படகை நிறுத்திவிட்டுப் பெட்டி செய்வான், அதை அனுப்பிவிட்டுத் திரும்பவும் படகு. அடிக்குத் தேக்கு, பக்கங்களுக்கு மாம்பலகை. பொருத்துகளில் பஞ்சை அடைத்துத் தார் காய்ச்சிப் பூசினான். படகுப் பாய்க்குத் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போகவில்லை. பெட்டிக்குள் விரிக்கிற காடாத் துணி வீட்டில் கட்டாக இருந்தது, அதையே தைக்கக் கொடுத்தான். தையற்காரர் ஊசி கோக்கும்போது என்னென்ன வேண்டிக்கொண்டாரோ தெரியாது.

இந்த ஏழு மாதமும் வந்து பார்த்துப் போன ஒரே ஆள் கோதண்டம். பருத்திப்பட்டில் நிலமும் மாட்டு வண்டியும் உள்ளவன். பேசின் பிரிட்ஜிலிருந்து மரம் ஏற்றி வருகிற வண்டி அவனுடையது. வேலை முடிந்து படகை நிமிர்த்தி வைத்த அன்று அவன் சுற்றிச் சுற்றி வந்தான். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"இதுக்குப் பாய் இன்னாத்துக்கு? மேல ஒரு மூடி போட்டா வேலை முடிஞ்சிதே."

ஆரோக்கியசாமி அப்போதுதான் தள்ளி நின்று பார்த்தான். தோள் இருக்கிற இடத்தில் அகலம், அங்கிருந்து தலைப்பக்கம் கொஞ்சம் ஒடுக்கம், கால்பக்கம் நீளமான ஒடுக்கம். பத்தடி நீளத்துக்கு அச்சு அசல் சவப்பெட்டி. மனசு படகென்று நினைக்க, கை தனக்குத் தெரிந்ததைச் செய்து வைத்திருக்கிறது. இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. ஏழு மாதமாகப் படகின் முன்பக்கத்தைக் கால்மாடு என்றும் பின்பக்கத்தைத் தலைமாடு என்றும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் வேலை செய்திருக்கிறான். பெட்டி கால்மாடு முன்னால்தானே போகும்.

பிரித்துக் கட்டினால் இன்னொரு வருஷம் ஆகும். அதுவரை ஏரியில் தண்ணீர் காத்திருக்காது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். புதுவீட்டுக்கும் புதுவண்டிக்கும் மந்திரிப்பதுபோல இதையும் மந்திரிக்க வேண்டுமே என்று சாமியாரைக் கூப்பிட்டான். அவர் வந்து, பார்த்து, புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எந்த ஜெபம் சொல்வதென்று அவருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் தீர்த்தத்தை மட்டும் தெளித்துவிட்டுப் போனார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் படகைக் கோதண்டத்தின் வண்டியில் ஏற்றிப் பருத்திப்பட்டு ஏரிக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக எதிரே வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். யார் போய்விட்டார்கள் என்று ஒரு கிழவர் கேட்கவும் கேட்டார். இவ்வளவு நீளமான ஆள் நம் பக்கத்தில் யாரும் இல்லையே என்பது அவருடைய கவலை.

ஏரி கரை தளும்ப நின்றது. துணி துவைத்தவர்களும் எருமை குளிப்பாட்டியவர்களும் வேலையை விட்டுவிட்டுக் கரையில் கூடினார்கள். படகைத் தள்ளினான், மிதந்தது. ஏறி உட்கார்ந்தான், அப்போதும் மிதந்தது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் பெட்டி என்றைக்கு ஒழுகியிருக்கிறது? பிறகு பாயை ஏற்றினான். வாடைக் காற்று ஒரு பிடி பிடித்தது, படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது, ஆரோக்கியசாமி தண்ணீரில் கிடந்தான். நல்லவேளை மார்பளவு ஆழம்தான், அவனுக்கு நீச்சல் வேறு தெரியாது. கரையில் சிரித்த சிரிப்பு பாரிவாக்கம் வரை கேட்டிருக்கும்.

அடுத்த முறை மரம் எடுக்கப் போனபோது பேசின் பிரிட்ஜில் ஒரு தோணிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

"சின்னப் படகு பாய் எடுத்தா சாயத்தான் செய்யும் நைனா. அடியில ஒரு பலகைய நெட்டுக்குத்தா வையி, பக்கவாட்டுல இழுத்துகினு போவாது. சாயற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் ஒரு ஆள் ஒக்காரணும். காத்து மாறினா ஆளும் மாறி ஒக்காரணும். தனியா மட்டும் போவாத."

அடிப்பலகையை இரண்டு நாளில் பொருத்திவிட்டான். ஆளுக்கு எங்கே போவது? முதலில் கோதண்டத்தைக் கேட்டான்.

"வண்டி வோணுமா, எடுத்துக்கோ. மாடு வோணுமா, எடுத்துக்கோ. அதுல ஏற மட்டும் கூப்புடாத மச்சான். எனக்கு ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்கணும்."

கோயில் உபதேசியாரைக் கேட்டான். வேதத்தில் படகு எத்தனை இடத்தில் வருகிறது என்று எடுத்துச் சொன்ன அவர், தான் கரையில் நின்று ஜெபம் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். வீட்டில் தெரசாவை அவன் கேட்கவில்லை. கேட்டால் வருவாளோ என்னவோ. மாட்டேன் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்த வீட்டில் எப்படிக் குந்திச் சாப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்காதவரை ஒரு பக்கம் நம்பிக்கை மிச்சம் இருந்தது.

ஆளுக்குப் பதில் மணல் மூட்டை வைத்தான். இந்தத் தடவை படகு போனது. உண்மையாகவே போனது. பாய் புடைத்துக்கொண்டு நூறு கெஜம், இருநூறு கெஜம் போனதும் கரையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மதகுப் பக்கம் போனபோது காற்று மாறியது. மூட்டைக்கு மாறி உட்காரத் தெரியுமா? இருந்த பக்கமே கனத்தது. படகு கவிழ்ந்து மூட்டை அடிக்குப் போயிற்று. அங்கே இரண்டு ஆள் ஆழம். ஆரோக்கியசாமி படகின் அடிப்பலகையைக் கட்டிக்கொண்டு தொங்கினான். எருமைக்காரர்கள் இரண்டு பேர் எருமையோடு நீந்திப் போய், அதன் வாலைப் பிடிக்கவைத்து அவனைக் கரைக்கு இழுத்துவந்தார்கள். குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு, அவன் முதலில் படகைத்தான் கேட்டான்.

வீட்டில் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கோதண்டத்தின் பெண்சாதி பூங்காவனம் மறுநாளே பூத்தோட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தெரசாவிடம் சொல்லிவிட்டாள். அன்று தெரசா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பில் மட்டும் உப்பு அள்ளிப் போட்டிருந்தது. அவன் அதையும் வழித்துச் சாப்பிட்டான்.

மாசி பிறந்தது. பயிருக்காக மதகைத் திறந்துவிட்டார்கள். ஏரி தினம் ஒரு சாண் இறங்கிக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு வாரம் போனால் படகு சேற்றில்தான் நிற்கும், அப்புறம் அடுத்த மழைக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆரோக்கியசாமி மணல் மூட்டையோடு ஏரிக்குப் போனான். வேடிக்கை பார்க்க முன்போல ஆள் இல்லை. எத்தனை தடவை ஒருவன் விழுவதைப் பார்ப்பது? கோதண்டம் மட்டும் கரையில் மாட்டை மேயவிட்டு நின்றான்.

பாயை விரித்துக்கொண்டிருந்தபோது கரை மேல் தெரசா வருவது தெரிந்தது. மூன்று மைல் வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். பூக்கூடை இன்னும் இடுப்பில் இருந்தது. இறங்கி வந்து கூடையைக் கோதண்டத்தின் கையில் கொடுத்தாள்.

"இன்னாமே, இங்க எங்க வந்தே?" என்றான் ஆரோக்கியசாமி.

"எந்தப் பக்கம் ஒக்காரணும்?"

அவனுக்கு விளங்கவில்லை.

"பூங்காவனம் சொன்னா. ஆள் ஒக்காரணுமாமே. எந்தப் பக்கம்?"

"வோணாம் தெரசா. கவுந்துடும். உனக்கும் நீச்சல் தெரியாது."

"தெரியாதுதான். நீ செத்துப்பூட்டா உனக்கு யார்யா பெட்டி செய்யறது? வேத்தூர்லருந்து ஆள் கூப்புடணும், அவன் இன்னா செய்வானோ. மூட்டைய எறக்கு."

கோதண்டம் கூடையோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தெரசா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். படகின் விளிம்பில் கை வைத்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அவள் கனத்துக்குப் படகு ஒரு விரற்கடை அமுங்கியது.

ஏழு மாதம் இழைத்ததும், இரண்டு தடவை தண்ணீர் குடித்ததும் இதற்காகத்தான். ஆனால் சந்தோஷப்பட அவனுக்கு அவகாசம் இல்லை. எவ்வளவு இழுத்தும் பாய்க்கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. தெரசாவே எட்டி அவிழ்த்துக் கொடுத்தாள்.

படகு போனது. காற்று அடித்துச் சாயும்போதெல்லாம் "இந்தப் பக்கம்" என்று அவன் சொல்வதற்குள் அவள் நகர்ந்திருந்தாள். எந்தப் பக்கம் கனக்க வேண்டுமென்று அவளுக்கு இடுப்பிலேயே தெரிந்தது. மதகைத் தாண்டினார்கள். முன்பு அவன் விழுந்த இடத்தில் காற்று அதேபோலத் திரும்பியது, அவள் குனிந்து பாய்க்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தாள், படகு நிமிர்ந்துகொண்டது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடு ஏரியில் காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கியது. நாரைகள் இரண்டு எழும்பிப் போயின, பிறகு சத்தமே இல்லை. தெரசா குனிந்து படகின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். பலகைக்குப் பலகை, பொருத்துக்குப் பொருத்து தடவிக்கொண்டே வந்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணியே வரலியே."

"வராது."

"ஒரு சொட்டு கூடவா?"

"மூணு கை தார் பூசிகீறேன். எப்பிடி வரும்?"

அவள் இன்னொரு பொருத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு, "லூர்துக்கு?" என்றாள்.

ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவர்கள் இருவரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆரோக்கியசாமி நிமிர்ந்து பார்த்தான்.

"லூர்துக்கும் பூசினியா?"

"ஏன் கேக்கறே?"

"அன்னிக்குக் குழில தண்ணி நின்னுகினு இருந்துச்சு. ரெண்டு பேரு பானையில மொண்டு மொண்டு வெளிய ஊத்தினாங்க. நீ சாமியார் பக்கத்துல நின்னுகினு இருந்தே, பாக்கல. எறக்கும்போது திரும்பியும் ஊறிடுச்சு. நான் பாத்தேன். அதுக்கப்புறம் எப்ப மழை பேஞ்சாலும் எனக்கு அதான் நெனப்பு. நீ செஞ்ச பலகையத் தொட்டா, உள்ள தண்ணி பூந்திருக்குமோன்னு வந்துடும். ஒக்கார முடியல. வேற ஒண்ணும் இல்லய்யா."

வேற ஒண்ணும் இல்ல. அந்த வார்த்தை அவனுக்குள் இறங்க நேரமானது. அவன் கையை அவள் வெறுக்கவில்லை. ஒருநாளும் வெறுத்திருக்கவில்லை.

"தண்ணி ஊத்திப் பாத்தேன்" என்றான்.

"எதுல?"

"லூர்து பெட்டியில. தார் காஞ்சதும் விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்சேன். உள்ள ஊத்துன தண்ணி வெளிய வராதுன்னா, வெளிய கீற தண்ணியும் உள்ள போவாது. நீ உள்ள அவளக் குளிப்பாட்டிகினு இருந்தே. நான் கொட்டாயில குந்திகினு, கீழ மண்ணு நனையுதான்னு பாத்துகினே இருந்தேன். நனையல தெரசா. ஒரு பொட்டு கூட நனையல. அப்புறம் கொட்டிட்டு வேட்டியால தொடச்சேன். வேற எந்தப் பெட்டிக்கும் அப்பிடிச் செஞ்சதில்ல."

"ஏன்யா சொல்லல?"

"நீ கேக்கல."

"நீயும் ஒரு நாளு கேக்கலியே."

தெரசா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மெல்லச் சரிந்து, படகின் அடியில் ஒருக்களித்துப் படுத்தாள். கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டாள். சத்தம் போட்டு அழுதாள். கல்லறையில் அன்று அவள் அழவில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

காற்று திரும்பவும் எழும்பியது. கரையிலிருந்து கோதண்டம் துண்டை வீசி வரச்சொல்லிக் கூப்பிட்டான். ஆரோக்கியசாமி பாய்க்கயிற்றைத் தளர்த்திவிட்டான். படகு போகிற பக்கம் போகட்டும் என்று, அவளாக எழுந்திருக்கும் வரை உட்கார்ந்திருந்தான்.